உங்கள் தெருவில் இருக்கும் ஆபத்தை ஏரியா சபைக்கும் வார்டு குழுவுக்கும் கொண்டுபோவது எப்படி

எங்கள் தெருமுனையில் மழைநீர் வடிகால் மேல் இருந்த கான்கிரீட் மூடி ஒன்று உடைந்து ஐந்து மாதம் அப்படியே கிடந்தது. யாரோ ஒரு வேப்பங்கிளையை உள்ளே செருகி சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள், அதுதான் எச்சரிக்கைப் பலகை. பக்கத்துக் கம்பத்தில் விளக்கும் எரியவில்லை. ஒரு நாள் இருட்டின பிறகு டியூஷன் முடிந்து வந்த பையன் சைக்கிளோடு உள்ளே விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டான். அந்த ஐந்து மாதத்தில் யாரும் புகார் சொல்லாமல் இல்லை. நானே மூன்று முறை போன் செய்தேன், மூன்று முறையும் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்து புகார் மூடப்பட்டது. கடைசியில் வேலை நடந்தது, எங்கள் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டத்துக்குப் பிறகு. கூட்ட நோட்டில் 'எந்த மூடி, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள்' என்று மூன்று வரி எழுத வைத்தோம், பதினொரு நாளில் புது மூடி வந்தது, விளக்கும் எரிந்தது.

அந்த மூன்று வரியை எழுத வைப்பது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பையன் விழுவதற்கு முன்னாலேயே எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். 1992-ல் கொண்டுவந்து 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள ஊர்களில் வார்டு குழு இருக்க வேண்டும் என்று சொன்னது. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2022-ல்தான் வந்தன. அந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு ஏரியா சபை. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோரும் அதில் பேசலாம், அழைப்பிதழ் எல்லாம் தேவையில்லை. ஒவ்வொரு ஏரியா சபைக்கும் ஒருவரை உறுப்பினராக நியமிப்பார்கள். இந்த உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் வார்டு குழு, அதற்குத் தலைவர் உங்கள் கவுன்சிலர். சென்னையை எடுத்துக்கொண்டால் 200 வார்டு, வார்டுக்குப் பத்து என்று ஏரியா சபைகள். நான் சென்னைக்காரன் இல்லை, ஆனால் பெரிய ஊர் என்பதால் அதை வைத்துச் சொன்னால் புரிவது சுலபம், சட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். 2022 நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்தில் அப்போதைய முதல்வர் மு.க. ஸ்டாலினே உட்கார்ந்து மக்கள் சொன்னதைக் கேட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட்டம் நடக்க வேண்டும். உங்கள் பகுதியில் நடக்கவில்லை என்றால், கூட்டத்தைக் கூட்டச் சொல்லி கவுன்சிலருக்கும் மாநகராட்சி ஆணையருக்கும் எழுத்தில் கொடுப்பதுதான் உங்கள் முதல் வேலை. பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் நல்லது.

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும். கரண்ட் கம்பி அறுந்து தொங்குகிறது, மரம் சாயப்போகிறது, பள்ளத்தில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்றால் கூட்டத்துக்காகக் காத்திருக்காதீர்கள். மின்சாரம் என்றால் மின்னகம் 94987 94987, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, போலீஸ் 100 அல்லது 112, சென்னை மாநகராட்சிக்கு 1913. கூட்டம் என்பது திரும்பத் திரும்ப வரும் பிரச்சினைக்கும், போனில் சொல்லி மூடப்பட்ட புகாருக்கும்தான்.

யாருடைய பொருள் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

நிறையப் பேர் தோற்பது இங்கேதான். நாம் 'மாநகராட்சி ஒண்ணும் செய்யலை' என்கிறோம், உதவிப் பொறியாளர் எழுந்து 'அது எங்களது இல்லை சார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார், பல சமயம் அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். அதனால் கூட்டத்துக்குப் போவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

தரையில் இருக்கும் மூடியைப் பாருங்கள். சாலையோரமாக வரிசையாகப் போகும் கான்கிரீட் பலகைகள், கம்பி வலை போட்ட வாய்கள் எல்லாம் மழைநீர் வடிகால், மாநகராட்சியுடையது. சாலை நடுவில் இருக்கும் வட்ட மூடி பெரும்பாலும் கழிவுநீர்க் குழாயுடையது. சென்னையில் அது குடிநீர் வாரியம், அதற்கு 1916. வேறு பல ஊர்களில் பாதாளச் சாக்கடையையும் மாநகராட்சியே பார்க்கிறது. தெருவிளக்கு உள்ளாட்சியுடையது, ஆனால் அதே கம்பத்தில் ஓடும் மின்கம்பியும், கதவு இல்லாமல் வாயைப் பிளந்து நிற்கும் பில்லர் பாக்ஸும் (தெருவோர மின் பகிர்மானப் பெட்டி) மின்வாரியத்துடையது. மழைக் காலத்தில் உயிரை எடுப்பது அந்தப் பெட்டிதான், அதனால் தெருவிளக்குப் புகாரோடு அதைச் சேர்த்து எழுதாதீர்கள், தனி மனுவாகக் கொடுங்கள்.

சாலையும் அப்படித்தான். தெருக்கள் மாநகராட்சிக்கு, பெரிய சாலைகளில் பல நெடுஞ்சாலைத் துறைக்கு, சில தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு. சென்னை அண்ணா சாலையில் பள்ளம் என்றால் அது மாநில நெடுஞ்சாலைத் துறை. பலகையும் கல்லும் பார்த்தால் பாதி தெரிந்துவிடும், மீதியை வார்டு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

அப்புறம் போலீஸ். அமெரிக்கா மாதிரி நாடுகளில் நகர மன்றத்திலேயே 'பொதுப் பாதுகாப்புக் குழு' என்று ஒன்று இருக்கும், போலீஸ் அதிகாரி அங்கே வந்து பதில் சொல்வார். இங்கே காவல்துறை மாநில அரசின் கையில். தீயணைப்பும் அப்படித்தான், அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணையில் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கலாம் என்று இருக்கும் 18 பணிகளில் தீயணைப்பும் ஒன்று, ஆனாலும் தமிழ்நாட்டில் அது தனி மாநிலத் துறை. கவுன்சிலரால் இன்ஸ்பெக்டருக்கு உத்தரவு போட முடியாது. ஆனால் வார்டு குழு ஒரு கோரிக்கையை எழுதி, 'இன்ன இடத்தில் இரவு எட்டு முதல் பத்து வரை ரோந்து வேண்டும்' என்று காவல் நிலையத்துக்கு அனுப்பலாம், அடுத்த கூட்டத்துக்கு எஸ்.ஐ.யை வரச் சொல்லிக் கேட்கலாம். வருவார்களா என்றால், பெண்கள் இருபது பேர் கையெழுத்துப் போட்ட கடிதம் போனபோது எங்கள் ஊரில் வந்தார்கள்.

கூட்டத்துக்கு முந்தின வாரம்

இரவு ஏழு மணிக்கு மேல் உங்கள் பகுதியை ஒரு முறை நடந்து பாருங்கள். தனியாக வேண்டாம். ஒரு பள்ளி மாணவி, ஒரு வயசான அம்மா, வண்டி ஓட்டும் ஒருவர் என்று மூன்று நான்கு பேராகப் போங்கள், ஒவ்வொருவர் கண்ணுக்கும் வேறு வேறு ஆபத்து தெரியும். நான் பத்து வருஷமாக நடந்த சந்தில், 'இந்த இடத்தில் சுவர் வளைவதால் அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது, அதனால் நாங்கள் சுற்றிக்கொண்டுதான் போவோம்' என்று ஒரு கல்லூரிப் பெண் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது, நான் அந்தச் சந்தைப் பார்த்ததே இல்லை என்று.

நடக்கும்போது எழுதிக்கொள்ள வேண்டியது: கம்பத்தில் பெயிண்டில் எழுதியிருக்கும் எண், எதிர் வீட்டின் கதவு எண், பள்ளம் என்றால் தோராயமாக எத்தனை அடி நீளம், எத்தனை அடி ஆழம். போட்டோ இரண்டு போதும், ஒன்று கிட்டே, ஒன்று தூரத்திலிருந்து, பக்கத்தில் தெரிந்த கடையோ கோயிலோ தெரிகிற மாதிரி. முன்பே கொடுத்த புகார் எண் எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். 'தீர்க்கப்பட்டது' என்று வந்த குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள், அதன் ஸ்கிரீன்ஷாட்டும் அதே தேதிக்குப் பிறகு எடுத்த போட்டோவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கூட்டத்தில் யாரும் வாதாட முடியாது.

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, ஒரு மனுவில் ஒரு பிரச்சினைதான். பத்துப் பிரச்சினையை ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் அதில் சுலபமான ஒன்றைச் செய்துவிட்டு மனுவையே முடித்துவிடுவார்கள். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"எங்கள் தெருவில் கதவு எண் இன்னதுக்கு எதிரில் மழைநீர் வடிகால் மூடி உடைந்து, சுமார் மூன்று அடி நீளத்துக்குத் திறந்து கிடக்கிறது. அருகில் உள்ள இன்ன எண் கம்பத்தில் விளக்கு எரியவில்லை. இந்த வழியாகப் பள்ளிப் பிள்ளைகள் தினமும் செல்கிறார்கள். இன்ன தேதியில் ஒரு மாணவன் விழுந்து காயமடைந்தான். இன்ன எண்களில் மூன்று புகார்கள் கொடுத்தும் சரிசெய்யப்படவில்லை. மூடி மாற்றும் வரை இன்றே தடுப்பு வைக்கவும், மூடியையும் விளக்கையும் எந்த அலுவலர் எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்பதைக் கூட்டக் குறிப்பில் பதியவும் வேண்டுகிறோம்."

கடைசி வாக்கியம்தான் உயிர். 'ஆவன செய்ய வேண்டுகிறோம்' என்று முடித்தால் பதிலும் 'ஆவன செய்யப்படும்' என்றுதான் வரும். இன்றைக்கே செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள். மூடி வார்க்க நாளாகலாம், தடுப்பு வைக்க ஒரு மணி நேரம் போதும்.

மனுவின் இரண்டு பிரதி எடுத்து, கூட்டத்துக்கு நான்கைந்து நாள் முன்னாலேயே வார்டு அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பே கொடுத்தால் பொறியாளர் இடத்தைப் பார்த்துவிட்டு வருவார், கூட்டத்தில் 'பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கும் இருக்காது. ஏரியா சபை உறுப்பினரையும் ஒரு முறை அழைத்துப்போய் இடத்தைக் காட்டிவிடுங்கள்.

கூட்டத்தில்

சீக்கிரம் போய் முன்னால் உட்காருங்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர்கள் கூட இருந்தால் போதும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்: என்ன ஆபத்து, யாருக்கு நடந்தது, எத்தனை முறை சொன்னோம், என்ன வேண்டும். கோபம் வரும், நியாயமான கோபம்தான், ஆனால் அங்கே வந்திருக்கும் உதவிப் பொறியாளருக்கும் மூன்று நான்கு வார்டு கையில் இருக்கலாம், அவர் மேல் பாய்ந்தால் கூட்டம் சண்டையாகி நேரம் முடிந்துவிடும், உங்கள் வரி நோட்டில் ஏறாது.

பதில் வந்ததும் உட்கார்ந்துவிடாதீர்கள். 'எஸ்டிமேட் போடணும்' என்றால் எந்தத் தேதிக்குள் போடுவார் என்று கேளுங்கள். 'ஃபண்ட் இல்லை' என்றால் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள், சின்னத் தொகை என்றால் கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதியிலிருந்து செய்ய முடியுமா என்று அவரிடமே அங்கேயே கேளுங்கள். 'அது மின்வாரியம்' என்றால், வார்டு குழு சார்பில் மின்வாரியத்துக்குக் கடிதம் போகும் தேதியைக் கேளுங்கள். பிறகு குறிப்பு எழுதுபவரிடம், 'நீங்கள் எழுதியதை ஒரு முறை படித்துக் காட்டுங்கள்' என்று பணிவாகச் சொல்லுங்கள். இதைக் கேட்க முதல் முறை எனக்குக் கூச்சமாக இருந்தது. படித்தபோது 'வடிகால் பராமரிப்பு குறித்துக் கோரிக்கை வைக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது. இடமும் இல்லை, ஆளும் இல்லை, தேதியும் இல்லை. திருத்தி எழுதச் சொன்னோம், எழுதினார்கள். எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

வேகத்தடை கேட்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எல்லோரும் முதலில் கேட்பது அதுதான், ஆனால் இஷ்டத்துக்குப் போட்ட மேடு இருட்டில் பைக்கைக் கவிழ்த்துவிடும். சாலைக்கான தர அளவுகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு சொல்லும் அளவு சுமார் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், அதாவது அகலமாகப் படுத்த மேடு. மேலே வெள்ளைப் பட்டையும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். மனுவில் இந்த அளவையே எழுதிக் கேளுங்கள், போக்குவரத்துப் போலீஸின் கருத்தையும் வாங்கச் சொல்லுங்கள். சில இடங்களில் வேகத்தடையைவிட திருப்பத்தை மறைத்து நிற்கும் பேனரை எடுத்தாலே போதும்.

நாய்ப் பிரச்சினை வந்தால் கூட்டமே இரண்டாகப் பிரிந்துவிடும், அதனால் சட்டம் தெரிந்து போங்கள். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டது. ஆக, 'எல்லா நாயையும் கொண்டுபோங்கள்' என்பது நடக்காத கோரிக்கை. 'எங்கள் பகுதியில் எத்தனை நாய், அதில் எத்தனைக்குக் கருத்தடையும் ஊசியும் முடிந்தது, மீதிக்கு எந்தத் தேதியில் வண்டி வரும்' என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வார்டில் முடியாதபோது

சில வேலை வார்டு அளவில் முடியாது. நடைமேம்பாலம், ஒரு கிலோமீட்டர் வடிகால், பழைய சமுதாயக்கூடத்தை இடிப்பது மாதிரி. அதற்கு மேலே மண்டலக் குழு, அந்த மண்டலத்து கவுன்சிலர்கள் எல்லோரும் உட்காரும் இடம். அதற்கு மேலே, மாநகராட்சியின் எல்லா கவுன்சிலர்களும் கூடும் மாமன்றமும், துறைவாரியான நிலைக்குழுக்களும். சென்னையில் கணக்கு, கல்வி, பொதுச் சுகாதாரம், நகரமைப்பு, வரிவிதிப்பு மற்றும் நிதி, பணிகள் என்று நிலைக்குழுக்கள் உண்டு, பாதுகாப்பு என்ற பெயரில் ஒன்றும் இல்லை. அதனால் உங்கள் பிரச்சினை எந்தக் குழுவின் வேலை என்று நீங்கள்தான் பெயர் வைத்துக் கொண்டுபோக வேண்டும். சாலை, விளக்கு, வடிகால் என்றால் பணிகள். நாய், கொசு, குப்பை எரிப்பு என்றால் சுகாதாரம். நடைபாதையை விழுங்கிய கட்டடம் என்றால் நகரமைப்பு. வார்டு குழு எழுதிய குறிப்பின் நகலோடு கவுன்சிலரிடம் போய், மாமன்றக் கூட்டத்தில் கேள்வி நேரத்திலோ நேரமில்லா நேரத்திலோ எழுப்பச் சொல்லுங்கள். கவுன்சிலர் எதிர்க்கட்சி என்றால் தயங்க வேண்டாம், அவர்கள்தான் ஆர்வமாகப் பேசுவார்கள்.

காலம் பார்த்துக் கேட்பதும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும், மழைக் காலத்தில் சாலை வெட்ட அனுமதி கிடைப்பது கஷ்டம். அதனால் வடிகால், மூடி, பில்லர் பாக்ஸ் எல்லாம் ஜூன், ஜூலையிலேயே கேட்டுவிடுங்கள். பெரிய செலவு என்றால் டிசம்பர், ஜனவரியில் கேளுங்கள், மார்ச்சுக்குள் வரும் பட்ஜெட்டில் சேர வாய்ப்பு இருக்கும்.

சொன்ன தேதி தாண்டிவிட்டதா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு போடுங்கள். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. இன்ன தேதி ஏரியா சபைக் கூட்டக் குறிப்பின் நகல், அதன் மீது எடுத்த நடவடிக்கைக் கோப்பின் நகல், எஸ்டிமேட், பணி ஆணை, காண்ட்ராக்டருக்குப் பணம் கொடுத்த பில் என்று காகிதத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. வேலை நடக்கும் இடத்தை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) உரிமை கொடுக்கிறது, இதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. சாலை வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ தரத்தைப் பின்பற்றாமல் அதனால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 198ஏ பிரிவு சேர்த்தார்கள். மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டால் படிப்பவர் கவனம் மாறும்.

வேலை முடிந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. புது மூடி ஆடுகிறதா என்று காலால் மிதித்துப் பாருங்கள், விளக்கை இரவில் போய்ப் பாருங்கள், தோண்டிய மண்ணையும் கல்லையும் எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் எழுந்து 'முடிந்தது' என்று சொல்லி அதையும் எழுத வையுங்கள், செய்த பொறியாளருக்கும் ஆட்களுக்கும் எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லுங்கள். எங்கள் பகுதியில் அப்படிச் சொன்ன பிறகு, அதே உதவிப் பொறியாளர் கூட்டம் முடிந்ததும் தானாகவே வந்து வேறு தெருவில் இரண்டு மூடி விரிசல் விட்டிருப்பதைச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் காகிதங்களை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு, தெருவில் இன்னும் ஒருவர் வீட்டிலும் ஒரு நகல் வையுங்கள். மாமன்றம் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரித் தேர்தல் வரை, சென்னைக்கு ஐந்து வருஷத்துக்கும் மேல் கவுன்சிலரே இல்லை, அதிகாரிகள் மட்டும்தான். அப்படி ஒரு காலம் திரும்ப வந்தால், முத்திரை போட்ட அந்தப் பிரதிகளை எடுத்துக்கொண்டு நேராக மண்டல அலுவலரிடம் போகலாம். புது கவுன்சிலர் வந்தால், அவர் பதவியேற்ற முதல் மாதத்திலேயே ஃபைலோடு போய்ப் பாருங்கள், முடியாமல் நிற்கும் மனுவை மேலே வைத்து.